விலை சொல்லும் உத்தியோகம்

சென்ற வாரம் என் சிநேகிதர் ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டு வந்தார். "பையனை ஸிவில் இஞ்சினீயரிங் படிக்க வைத்தேன். இப்போது ஒரு மதிப்பீட்டாளரிடம் போய், டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக் கொண்டு நிற்கிறான்" என்றார். மற்றொரு முனையைப் பிடிப்பவர் யார் என்று கேட்டேன். "அந்த மதிப்பீட்டாளரேதான்" என்றார். அப்படியானால் கவலைக்கு இடமில்லை என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

வீடு மனைகளுக்கு விலை மதிக்கும் இந்தத் தொழிலை நம் குடும்பங்களில் அநேகர் அறியார். பாங்கியில் கடன் கேட்கும் போதும், பாகப் பிரிவினையின் போதுந்தான் இந்த மனிதர் நம் வாசலுக்கு வருகிறார். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆவதற்கு 2017-ஆம் வருஷத்து விதிகள் வழி வகுத்திருக்கின்றன. நிலமும் கட்டடமும் மதிக்க விரும்புகிறவர் ஸிவில் இஞ்சினீயரிங், கட்டடக் கலை, நகர அமைப்பு போன்ற ஒரு துறையில் பட்டம் பெற்று, 5 வருஷ அநுபவமும் பெற்றிருக்க வேண்டும். மேல் பட்டம் பெற்றவருக்கு 3 வருஷம் போதும். பிறகு 50 மணி நேரப் பாடம். அதற்கும் பிறகு பரீக்ஷை. பரீக்ஷையில் தப்பான விடைக்கு மார்க்கைப் பிடித்துக் கொள்கிறார்கள். நம் தெருவில் நிலத்துக்கு வாய்க்கு வந்த விலை சொல்கிறவர்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் தேவலை!

பாடமும் பரீக்ஷையும் கிடக்கட்டும். அநுபவஸ்தர் ஒருவரின் பின்னால் அலையும் வருஷங்களில்தான் தொழில் கைக்கு வருகிறது. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நான்கு எல்லைகளையும் காலால் நடந்து காண வேண்டும். மழைக் காலத்தில் தண்ணீர் எந்த அளவு நிற்கும் என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது. தெருக்கோடிக் கடைக்காரர் சொல்லுவார். பக்கத்து மனைகள் சமீபத்தில் என்ன விலைக்குப் போயின என்று விசாரிக்க வேண்டும். கட்டடத்துக்குத் தேய்மானமும் உண்டு. ஆயுள் 60 வருஷம், கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று வைத்துக் கொண்டால், 20 வயதான வீடு 30 சதவீதம் தேய்ந்து விட்டது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "போன தீபாவளிக்குத்தானே ஐயா வெள்ளையடித்தோம்!" என்பார்.

புதிதாக வருகிறவர்கள் இடறி விழும் இடம் சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு. முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் வாங்குவதற்காக ஏற்பட்டது அது. தமிழ் நாட்டில் 2017 ஜூன் 9-ந் தேதி அதை 33 சதவீதம் குறைத்தார்கள். அன்றிரவு நிலமெல்லாம் மூன்றில் ஒரு பங்கு விலை இழந்து விட்டதா, என்ன? 2023-இல் பழைய அளவுக்கே திருப்பிய போதும் மண் மண்ணாகவே கிடந்தது. அவசரமில்லாமல் வாங்குகிற ஒருவரும், நிர்ப்பந்தமில்லாமல் விற்கிற ஒருவரும், விவரம் தெரிந்து சம்மதிக்கக் கூடிய தொகை எதுவோ, அதையல்லவா இவர் தேட வேண்டும்?

சிநேகிதருடைய குமாரன் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தான். அவன் மனத்தை ஒரு விஷயம் உறுத்திக் கொண்டிருந்தது. சென்னைக்கு அடுத்த ஒரு பேட்டையில், ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவரின் மனையை அளக்கப் போனானாம். பெண்ணின் மேல் படிப்புக்காக மனையின் பேரில் கடன். பத்திரத்தில் 40 அடிக்கு 60 அடி, அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. டேப்பில் அகலம் 38½ அடிதான் வந்தது. 90 சதுர அடியைக் காணோம்!

"பத்திரத்தில் இருப்பதையே எழுதி விடுங்கள், தம்பி. 30 வருஷமாக அப்படித்தானே இருக்கிறது?" என்றாராம் உபாத்தியாயர்.

"அந்த வீட்டில் மோர் சாப்பிட்டு விட்டேன், மாமா. 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை" என்றான் பையன்.

குருவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் கோபித்துக் கொள்ளவும் இல்லை. உபதேசம் செய்யவும் இல்லை. மறு நாள் காலையில் தாமே கூட வந்து, முன்பக்கமும் பின்பக்கமும் திரும்ப அளந்தார். இரண்டு இடத்திலும் 38½ அடி. அறிக்கையில் 2,310 சதுர அடி என்று எழுதி, பத்திரத்துக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகக் குறித்துக் கையெழுத்திட்டார். பிறகு உபாத்தியாயரை மதில் ஓரம் அழைத்துப் போய்ப் பக்கத்து மனையையும் அளக்கச் சொன்னார். அங்கே 1½ அடி கூடுதலாக இருந்தது. 2,400 என்று எழுதியிருந்தால், தம் நிலம் அடுத்த மதிலுக்குள் கிடப்பது அவருக்கு என்றைக்குமே தெரிந்திராது.

கடன் கொஞ்சம் குறையும். மீதிப் பணத்துக்கு அவர் என்ன செய்வார் என்பதுதான் பையனுடைய கவலை. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. சர்வேயர் வந்து அளக்க வேண்டும் என்று உபாத்தியாயர் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்திருக்கிறாராம். அந்த மனுவை எழுதிக் கொடுத்தவன் இவன்தான். சர்வேயர் வருகிற அன்று தானும் அங்கே போகப் போவதாகச் சொன்னான்.