கடல் பார்க்கப் போகும் கணக்கு



பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே நம் வீடுகளில் பாட்டு ஆரம்பமாகிவிடும். "அம்மா, கடலுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா!" இராஜபாளையத்தில் நமக்கு மலைக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியில் வற்றல் போடப் போனாலே மேற்குத் தொடர்ச்சி மலைதான் கண்ணில் படும். இங்கே அய்யனார் கோயில் ஆறு, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் செண்பகத்தோப்பு. கடல்தான் இல்லை. பிள்ளைகளோ செல்போனில் கோவாவையும் மாலத்தீவையும் பார்த்துவிட்டு, "தென்னை மரமும் வெள்ளை மணலுமா என்ன அழகு!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தக் காசில் ஒரு ஜோடி ஜிமிக்கி செய்து போடலாமே என்று நம் மனம் கணக்குப் போடும்.

தென்னை என்ன, பனையும் சேர்ந்தே இருக்கிற கடற்கரை நமக்கு அரை நாள் தூரத்தில்தான் இருக்கிறது. மன்னார் வளைகுடாவை ஒட்டித் திருச்செந்தூர், குலசேகரப்பட்டினம், மணப்பாடு என்று வரிசையாக. கன்னியாகுமரியும் அழகுதான். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் வேறு திறந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே போனால் சூரிய உதயம் பார்க்காமல் வர மனசு வராது. அதற்கு ஒரு ராத்திரி ரூம் போட வேண்டும். கையைக் கடிக்கும் குடும்பத்துக்குத் திருச்செந்தூரே சரி. ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

எப்படிப் போவது? பஸ் என்றால் சங்கரன்கோவில், திருநெல்வேலி வழி. விடிவதற்கு முன் கிளம்பினால் நாலு, நாலரை மணி நேரத்தில் கடற்கரை. என் ஓட்டு ரயிலுக்குத்தான். மதுரை–செங்கோட்டை பாசஞ்சரில் தென்காசி, அங்கிருந்து திருநெல்வேலி, பிறகு திருச்செந்தூர். சுற்றுவழிதான், இரண்டு இடத்தில் மாற வேண்டும், நேரத்தை முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பாசஞ்சர் கட்டணம் பஸ்ஸில் பாதி கூட வராது. ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வயதுக்குள் அரை டிக்கெட். எல்லாவற்றையும்விட, ரயிலில் கழிப்பறை இருக்கிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? வெளியூர்ப் பயணம் என்றால் நம்மில் பாதிப் பேர் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. "வழியில எங்க இறங்கிப் போறது?" என்ற பயம். மே மாத வெயிலில், உப்புக் காற்றில், தண்ணீரும் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கினால் தலைவலி வரும், நீர்க்கடுப்பு வரும். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு இது ஆகவே ஆகாது. ஆகவே சில்லறையாகப் பத்து ரூபாய்க் காசுகளைத் தனியே ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கொள்ளுங்கள். பெரிய பஸ் நிலையத்தில் இறங்கியதும் கட்டணக் கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் மறு பஸ். அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம். கைக்குழந்தைக்காரர்கள் கவனிக்க: 2015இலிருந்து பஸ் நிலையங்களில் தாய்ப்பாலூட்டும் அறைகள் வைத்திருக்கிறார்கள். பூட்டிக் கிடந்தால் சாவி கேட்க வெட்கப்படாதீர்கள். அது நமக்காகக் கட்டியது.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நாத்தனார் இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர்.  ஊர் எல்லையைத் தாண்டியது குறைவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டில் சொந்தபந்தம் பதினெட்டுப் பேர் வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போனார்கள். ஓட்டலில் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்று கேஸ் அடுப்பு, அரிசி, தேக்சா, இலைக்கட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டார்கள். மகளுக்குப் பரீட்சை என்பதால் நான் போகவில்லை. ஊர் திரும்பியதும் ஆசையாக, "கடல் எப்படி இருந்துச்சு மதினி?" என்று கேட்டேன்.

"எரச்சல் கேட்டுச்சு தாயி," என்றார்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி அவித்து, புளியோதரை கிளறி, போன இடத்தில் மதியத்துக்குச் சோறு வடித்து, ஈரத்துணி மூட்டைக்குக் காவல் இருந்து, எல்லாரும் சாப்பிட்ட பின் பாத்திரம் விளக்கி... கால் நனைக்க நேரமில்லை. அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். வேன் வாடகைக்கும் டீக்காசுக்கும் நோட்டில் கணக்கு இருந்தது. மதினியின் உழைப்புக்கு எந்தப் பக்கத்திலும் வரி இல்லை. அவர் அன்று சமைத்ததைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்திருந்தால் ஓட்டல் சாப்பாடே மலிவு என்று தெரிந்திருக்கும்!

ஆகவே நான் வைத்திருக்கும் முறை இது. காலைக்கு மட்டும் கட்டிக் கொண்டு போவது. முதல் நாள் சாயங்காலமே அவித்து ஆறவைத்த இட்லியில் மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாழை இலையில் பொட்டலம். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும். கொறிக்க முறுக்கு, பொரிகடலை. மதியம் சமைப்பதே கிடையாது. திருச்செந்தூர்க் கோயிலில் 2021 செப்டம்பரிலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. வரிசையில் நின்றால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். நிற்க முடியாதவர்கள் வெளியே ஒரு அளவுச் சாப்பாடு வாங்கிக் கொள்ளுங்கள். அந்தப் பணத்தை எதில் மிச்சம் பிடிப்பது என்கிறீர்களா? பாசஞ்சர் டிக்கெட்டில் மிஞ்சியதே போதும். பிளாஸ்டிக் பொம்மை, சோழியில் பெயர் எழுதித் தருவது, குதிரைச் சவாரி இதிலெல்லாம் "ஒண்ணே ஒண்ணுதான்" என்று வீட்டிலேயே பிள்ளைகளிடம் பேசி முடித்துவிட வேண்டும்.

வாங்கத் தக்கது ஒன்று உண்டு: கருப்பட்டி. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு, திருச்செந்தூருக்குப் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் கிடைத்தது. உடைத்துப் பாருங்கள். உள்ளே சர்க்கரை மாதிரி மினுமினுத்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடலில் இறங்கும்போது ஜாக்கிரதை வேண்டும். பிள்ளைக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். விரலைப் பிடிக்காதீர்கள், அலை இழுத்தால் நழுவிவிடும்; மணிக்கட்டுக்கு மேலே பிடியுங்கள். நாமும் ஆறு கஜப் புடவையோடு இறங்கக் கூடாது. நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். சுடிதார் தேவலை. திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமி சமயங்களில் கடல் பல அடி உள்வாங்கிப் பாசி படிந்த பாறைகள் தெரியும். அதன் மேல் ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வழுக்கி விழுந்தால் பாறை வெட்டிவிடும். 2025 தொடக்கத்தில் கோயிலுக்கு எதிரே கரை பல அடி ஆழத்துக்கு அரித்துப் போனதும் செய்தியில் வந்தது. காவலர்கள் இறங்க வேண்டாம் என்ற இடத்தில் இறங்க வேண்டாம். ஜெல்லி மீன் என்கிறார்களே, அந்தக் கடல் சொறி பட்டு எரிந்தால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையை நீக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

துணி மாற்ற ஒரு யோசனை. பழைய நூல் சேலையைப் பை மாதிரி வட்டமாக மூட்டி, மேலே நாடா கோத்துக் கொள்ளுங்கள். கழுத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டால் அதுவே நடமாடும் அறை! உப்புத் தண்ணீர் போகக் குளிக்க நாழிக்கிணறு இருக்கிறது. கடலுக்கு அத்தனை கிட்டத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் கரிக்காது.

கந்தசஷ்டி, தைப்பூசம், வைகாசி விசாகம், பௌர்ணமி நாட்களில் கூட்டம் தாங்காது. பிள்ளைகளோடு போக உகந்தது சாதாரணச் செவ்வாய் அல்லாத வார நாள். நேரமிருந்தால் 18 கிலோமீட்டர் தெற்கே மணப்பாட்டுக்கும் போய் வாருங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாது, 2021 மே மாதத்திலிருந்து இந்தச் சலுகை. மணல் குன்றின் மேல் 1581ஆம் வருஷத்துத் திருச்சிலுவைக் கோயில், கீழே கூட்டமில்லாத கடல். பனையோலைப் பெட்டி முடைவதில் பேர்போன ஊர்.

போன மே மாதம் மதினியை நான்தான் கிளப்பினேன். நாலு பெண்கள், ஐந்து பிள்ளைகள். "நான் பையப் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க" என்று வழக்கம்போல் உட்காரப் போனார். "பை என்ன மதினி, முறை வச்சுப் பாத்துக்கிடுவோம். முதல் முறை என் மகள்" என்று எழுப்பிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை வந்தார். ஒரு அலை வந்து இடுப்பு வரை நனைத்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "நெசமாவே உப்புதான்" என்றார். அரை மணி நேரம் கரையேற மாட்டேன் என்றுவிட்டார். சாயங்கால ரயிலைப் பிடிக்க நாங்கள்தான் அவசரப்படுத்த வேண்டியிருந்தது.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கடல் தண்ணீர் பட்ட துணியில் சோப்பு நுரைக்காது. முதலில் இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி மணலையும் உப்பையும் போக்கிய பிறகுதான் சோப்பு. அதையும் ஊர் திரும்பிய ராத்திரியே உட்கார்ந்து செய்யாதீர்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுவிட்டுப் படுங்கள். மறுநாள் காலைக்கு மாவு இரண்டு நாள் முன்பே அரைத்து ஃபிரிட்ஜில் இருக்கட்டும். தோசையை யார் ஊற்றுவது என்பதையும் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்து கொள்ளுங்கள்.