பட்டைப் புழுவுக்குக் கேட்பார் இல்லையா?



ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்புக்குள் போய், மரத்தின் கவட்டையை நிமிர்ந்து பாருங்கள். மரத்தூளும் புழுக்கையும் சேர்த்து நூலால் பின்னின மாதிரி, பழுப்பாக ஒரு கூடு கிளையோடு ஓடும். உள்ளே இருப்பது பட்டைப் புழு. கொய்யா மட்டுமில்லை; மா, பலா, நெல்லி, மாதுளை, இலந்தை, முருங்கை எதையும் அது விடுவதில்லை.

இதன் தாய் ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி. கோடை மழையை ஒட்டி வெளியே வந்து பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். பொரிந்த புழு கவட்டையில் ஓட்டை போட்டுப் பகலெல்லாம் உள்ளே பதுங்கும். ராத்திரி கூட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து வந்து பட்டையைத் தின்னும். ஒன்பது பத்து மாதம் இதே வேலைதான். பட்டை போனால் இலையில் காய்ச்சிய சத்து கீழே இறங்காது. கிளை வாடும், காய் சிறுக்கும், காற்றடித்தால் கவட்டையோடு முறியும். கவாத்து இல்லாத பழைய தோப்பில்தான் இது அதிகம். குத்தகைத் தோப்பில் கவாத்துக்கு யார் கூலி கொடுப்பது?

மருந்துக் கடைக்குப் போனால் டப்பாவைத் தூக்கித் தருகிறார்கள். பழைய துண்டறிக்கைகளில் இந்தப் புழுவுக்குச் சொன்ன கார்பரில் 2018-லேயே தடை. நுவான் என்று நாம் சொன்ன டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் தடை. இது எத்தனை ஊரில் சொல்லப்பட்டது? மேலே அடிக்கிற எந்த மருந்தும் கவட்டைக்குள் இருக்கிற புழுவை லேசில் தொடாது, காசுதான் கரையும்.

கூட்டைத் துடைத்தெடுத்து, ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தி, சீமெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் அடைத்துவிட்டால் போதும். புழு சிறிதாக இருக்கும்போதே, புரட்டாசி ஐப்பசியில் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். வருசத்துக்கு ஒரு தலைமுறைதான் என்பதால், அந்த ஒரு சுற்று வீண் போகாது. ஆனால் பக்கத்துத் தோப்புக்காரரும் செய்ய வேண்டும். ஏக்கருக்கு எத்தனை ஆள், என்ன கூலி என்பது நமக்குத் தெரியும். சீமெண்ணெய்க்கும் எங்கே போவது? ரேஷனில் வருசா வருசம் குறைத்துக்கொண்டே வந்துவிட்டார்கள்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2016-ல் வந்த திட்டம் பிர்க்கா, கிராமச் சராசரியைப் பார்ப்பது. இந்தப் புழுவோ ஒரு தோப்பை அழித்துப் பக்கத்துத் தோப்பை விட்டுவைக்கும். சராசரியில் நம் மரம் எங்கே தெரியும்?

தோட்டக்கலைத் துறை ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கம்பி வைத்தியத்தைச் செய்து காட்டட்டும். சிறு விவசாயிக்குக் கவாத்துக் கூலியில் மானியம் தரட்டும். தடை செய்த மருந்துகளின் பட்டியலைத் தமிழில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒட்டட்டும். மரப்பயிர் சேதத்தைத் தோப்பு வாரியாகக் கணக்கெடுக்கட்டும்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராதீர்கள். புழு அரித்த கிளையை வெட்டிக் கையோடு கொண்டுவாருங்கள். கலெக்டர் மேசை மேல் வைத்தே கேட்போம்.