கல் எடை கழித்து

வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி இது. ஒரு அம்மா மோதிரத்தைக் கழற்றி வைப்பார். அப்ரைசர் தராசில் போட்டு மொத்த எடை நாலரை கிராம் என்று எழுதுவார். அடுத்த கட்டத்தில் கல் எடை அரை கிராம் என்று கழிப்பார். மிச்சம் நாலு கிராமுக்குத்தான் கடன். 'ஏங்க, அந்தக் கல்லுக்குத்தான தங்கத்தவிட அதிகமா குடுத்தேன்?' என்பார் அந்த அம்மா. அப்ரைசர் பேசமாட்டார். நான்தான் சொல்லவேண்டியிருக்கும்: 'கல்லுக்கு பேங்க்ல மதிப்பு இல்லம்மா.'

போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்துத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். 'அண்ணே, பன்னெண்டாயிரம் கடனா வேணும். எனக்கு ராகு திசையாம். கோமேதகம் போட்டாத்தான் குரூப் ஃபோர் கெடைக்கும்னு சொல்றாங்க.' அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலை எங்களுக்கே எடுத்து விளக்கியவன் அவன். வட்டத்தில் இதைச் சொன்னபோது தோழர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. காரணம் என் அம்மா.

2012இல் நான் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் இரண்டுமுறை எழுதித் தோற்றிருந்தேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ச் சேர்த்த காசில் அம்மாவுக்கு ஒரு சோடிக் கம்மல் இருந்தது. அதை அடகுக்கடையில் வைத்துவிட்டு, டவுனில் ஒரு நகைக்கடையில் நீலக்கல் மோதிரம் வாங்கிவந்தாள். சனி பிடிச்சிருக்காம், நீலம் போட்டால் விடுமாம். போட்டேன். அந்த வருசம் வேலை கிடைத்தது. கம்மல் மூழ்கிப்போனது.

வேலையில் சேர்ந்த சில நாளில் மோதிரத்தை அப்ரைசரிடம் காட்டினேன். லென்சை வைத்துப் பார்த்தார். 'கண்ணாடி தம்பி. உள்ள குமிழி தெரியுது பாருங்க. பட்டை ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு. நெஜ நீலம் இவ்ளோ சீக்கிரம் தேயாது.' அப்படியானால் வேலை கொடுத்தது எது? இட ஒதுக்கீடு கொடுத்தது. மூன்று வருசப் படிப்பு கொடுத்தது. அம்மாவின் நடவுக்கூலி கொடுத்தது. ஆனால் அம்மா இன்றைக்கும் ஊரில் 'கல்லு குடுத்த வேலை' என்றுதான் சொல்கிறாள். அவள் இடுப்பொடிய உழைத்ததன் பெருமையை ஒரு கண்ணாடித் துண்டு தட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு வலிப்பது இதுதான்.

கல்லுக்கு அர்த்தம் கொடுத்தவர்கள் யார்? ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையைப் பாருங்கள். வைரத்திலேயே வருணம் பிரிக்கிறது. வெள்ளை பார்ப்பனருக்கு, சிவப்பும் மஞ்சளும் சத்திரியருக்கு, வாகைப்பூ நிறம் வைசியருக்கு, கரியது சூத்திரருக்கு. இது வடநாட்டுச் சரக்கு என்று தப்பித்துக்கொள்ள முடியாது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவில் வைரங்கள் நால்வகை வருணத்தோடுதான் மின்னுகின்றன. மண்ணுக்கடியில் கிடந்த கல்லுக்கும் சாதிச் சான்றிதழ் எழுதிய மூளை அது. நாலு வருணத்துக்கும் வைரம் உண்டு. ஐந்தாவதாகத் தள்ளி வைக்கப்பட்ட நமக்கு அந்தப் பட்டியலில் ஒரு கூழாங்கல்கூட இல்லை. இன்று அதே சாத்திரத்தின் பேரால் நம் பிள்ளைகளிடம் பன்னிரண்டாயிரம் கேட்கிறார்கள்.

சாத்திரம் வேண்டாம், பிறந்த மாதத்துக்குக் கல் என்பது மேல்நாட்டு வழக்கம், நாகரிகமானது என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. அந்தப் பட்டியல் 1912இல் அமெரிக்க நகை வியாபாரிகளின் சங்கம் கான்சாஸ் சிட்டியில் கூடி முடிவு செய்தது. 1952இல் வியாபாரத்துக்கு ஏற்றபடி திருத்தினார்கள். திருமண நாளுக்கு இன்ன பரிசு என்ற நீண்ட பட்டியலும் 1937இல் இப்படி ஒரு வியாபாரிகள் சங்கம் விரித்துக்கொடுத்ததுதான். தான்சானியாவில் 1967இல் கண்டெடுக்கப்பட்ட தான்சானைட், 2002இல் டிசம்பர் மாதக் கல்லாகச் சேர்க்கப்பட்டது. 2001 வரை டிசம்பரில் பிறந்தவர்களின் தலையெழுத்தில் இல்லாத கல் எப்படி வந்தது? அங்கே வருணம், இங்கே வியாபாரம். நம் ஊர் நகைக்கடை இரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறது.

கல் தன்னைப் பற்றிச் சொல்வது வேறு. மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் சனிக்கு, இரண்டும் பகை என்கிறது ஜோதிடம். ஆனால் இரண்டும் ஒரே கனிமம், குருந்தம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். கலப்புதான் அதற்கு அழகும் விலையும் தருகிறது. கலப்பைத் தீட்டு என்று சொல்கிறவன் எந்த முகத்தோடு மாணிக்கம் போட்டுக்கொள்கிறான்?

இன்னொரு கேள்வி. இந்தக் கற்கள் யாருக்கு நல்லகாலம் கொண்டுவந்தன? குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லை அரைத்துப் பளபளப்பாக்குகிற தொழிலாளிகள் தூசைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் நோயில் மூச்சுத்திணறிச் சாகிறார்கள். மியான்மரின் பாகாந்தில் 2020 ஜூலையில் பச்சைக்கல் சுரங்கத்தின் மண்மேடு சரிந்து நூற்றெழுபது பேருக்கு மேல் செத்தார்கள். நாளெல்லாம் கல்லோடு கிடந்தவர்களைக் கல் காப்பாற்றவில்லை.

'அப்ப நம்ம சனம் நகையே போடக்கூடாதா தோழர்?' என்று கேட்பீர்கள். போடவேண்டும். 1930இல் ராமநாதபுரத்தில் சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கமும் வெள்ளியும் அணியக்கூடாது என்பதும் அதில் ஒன்று. அந்தத் தடை இருந்த மண்ணில் நம் பெண்கள் காதில் சிவப்புக்கல் தோடு மின்னுவது அரசியல்தான். கேரளத்தில் புலையர் பெண்கள் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த கல்லுமாலையைத்தான் கழுத்தில் போடவேண்டும் என்று கட்டாயம் இருந்தது. அது அலங்காரமல்ல, அடையாளச் சங்கிலி. 1915இல் அய்யன்காளி அழைத்தபோது கொல்லத்தில் கூடிய பெண்கள் அதை அறுத்து எறிந்தார்கள். விரும்பியதைப் போடுவதும் நம் உரிமை, திணித்ததை அறுப்பதும் நம் உரிமை. பயந்து போடுகிற ராசிக்கல், நாமே காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிற கல்லுமாலை.

அழகுக்காகப் போடுகிறவர்கள் பராமரிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். மோஸ் என்பவர் 1812இல் கனிமங்களின் கடினத்துக்கு ஒன்று முதல் பத்து வரை அளவு வைத்தார். வைரம் பத்து, மாணிக்கமும் நீலமும் ஒன்பது. நம் வீட்டுத் தூசியிலேயே ஏழு கடினமுள்ள குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. அதனால் முத்து, பவளம் போன்ற மெதுவான கற்களை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். முத்தும் பவளமும் சுண்ணாம்பு வகை. புளியும் எலுமிச்சையும் அரிக்கும், வியர்வையும் மங்கவைக்கும். மரகதத்தின் விரிசல்களில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், கொதிநீர் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். முத்தையும் பவளத்தையும் ஊறவிடாமல் ஈரத்துணியால் துடைத்தாலே சரி. ஒன்றையொன்று உரசாமல் தனித்தனியாக வையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வேலை செய்யும்போது கழற்றிவை என்கிறது கல்லின் இயல்பு. கழற்றவே கூடாது என்கிறான் ஜோசியன். புளி கரைக்கிற, சேற்றில் நாற்று நடுகிற கைகளை அவன் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

தோழர்களே, தம்பியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வருசக்கணக்கில் தேர்வு எழுதிக் காத்திருக்கிறவனுக்குப் பயம் நிஜம். இரவில் அந்தப் பயத்தோடு உட்கார்ந்து பேச நம்மில் யார் இருந்தோம்? நகைக்கடைக்காரன் இருந்தான். நாம் விட்ட இடத்தில்தான் அவன் கடை போட்டிருக்கிறான். வட்டத்தில் தத்துவம் பேசுகிற இரண்டு மணி நேரத்தில் அரைமணியைத் தேர்வுக் கணக்குக்கும், தோற்றவனின் மனசுக்கும் ஒதுக்குவோம்.

தம்பியிடம் சொன்னேன்: 'கல்லுக்குக் கடன் இல்லடா. புத்தகத்துக்கும் விடுதிக் காசுக்கும் தர்றேன், திருப்பித் தரவேணாம்.' கொஞ்சநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

அந்தக் கண்ணாடி மோதிரம் இன்னும் என் விரலில் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துத்தான் போடுகிறேன். சனிக்காக அல்ல, மூழ்கிப்போன கம்மலுக்காக. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் சொல்லிவிடுவேன்: 'அது கல்லு குடுத்த வேல இல்லம்மா. நீ குடுத்தது.'