ஒற்றை நட்சத்திரம்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, வீடு சந்திப்புக்காகச் செவிலிமேட்டுக்குச் சென்றிருந்தேன். பட்டுத் தறி வைத்திருக்கும் குடும்பம். ஞாயிறாதலால் தறிக்கு ஓய்வு. பாவின்மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. நான் நாற்காலியில் அமர்ந்ததும் அமராததுமாக வீட்டம்மாள் முறையீட்டைத் தொடங்கிவிட்டார்.

“சாமி, நீங்களே இவனைக் கேளுங்க. எந்நேரமும் போனைக் கையில வச்சுக்கிட்டுப் பொணத்தைச் சுட்டுக்கிட்டிருக்கான். ஒரு குடும்பத்துக்கு ஆகுமா இது? அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல இதைப் பத்திச் சொல்லுங்க.”

குற்றஞ்சாட்டப்பட்டவன் திண்ணையில் இருந்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவன். நம் பீடச் சிறுவர்களுள் ஒருவன். அவனருகே அவன் வயதொத்த தோழர் இருவர். பிரசங்கத்துக்குப் பொருள் தேடி அலைபவன் நான். வலிய வந்த பொருளை விடுவேனா? எனினும், பாராத ஒன்றைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு கூச்சமுண்டு. இளங்குருவாயிருந்த நாளில், காணாத ஒரு திரைப்படத்தைப் பீடத்தருகே நின்று வன்மையாகக் கண்டித்துவிட்டு, பின்னர் அதைக் கண்டபோது நாணியிருக்கிறேன். ஆகவே கைப்பேசியை வாங்கி நானே ஆடிப் பார்த்தேன்.

அரை நிமிடத்தில் மாண்டேன். மறுபடியும் ஆடினேன், மறுபடியும் மாண்டேன். சிறுவர் மூவரும் சிரிப்பை அடக்க அரும்பாடுபட்டனர்.

ஆட்டம் இவ்வளவே: ஓர் இருண்ட தெரு. துப்பாக்கி ஏந்திய கை மட்டும் திரையின் அடியில் தெரிகின்றது. எதிரே நடைப்பிணங்கள் தள்ளாடி வருகின்றன. அவை நம்மைத் தொடுமுன் சுட்டு வீழ்த்த வேண்டும். ‘ஜாம்பி’ என்று நம் பிள்ளைகள் சொல்வது இந்த நடைப்பிணத்தைத்தான். ஹெய்ட்டி நாட்டின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் வதைபட்ட ஆப்பிரிக்க மக்களிடையே வேரூன்றிய அச்சம் இது. செத்த பின்னும் ஒருவன் எழுப்பப்பட்டுத் தன் சித்தமின்றி உழைக்க வைக்கப்படுவான் என்று அவர்கள் அஞ்சினர். சாவும் விடுதலை தாராது என்பதைவிடக் கொடிய எண்ணம் அடிமைக்கு வேறு ஏது? 1968ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரொமேரோ என்னும் அமெரிக்க இயக்குநர் மிகச் சிறிய செலவில் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ என்ற படத்தை எடுத்தார். மனிதரைத் தின்ன வரும் பிணக் கூட்டமாக உலகம் இந்த உருவை அறிந்தது அதன் பிறகுதான். தமிழில் 2016ஆம் ஆண்டில் ‘மிருதன்’ என்னும் படம் வந்தது. அடிமையின் கண்ணீர் இவ்வாறு கேளிக்கைப் பொருளாயிற்று.

இறந்தோர் உடலுக்குத் தீர்த்தம் தெளித்துத் தூபமிட்டு அடக்கம் செய்யும் கை என்னுடையது. அதே கையால், விளையாட்டுக்கேயாயினும், பிணத்தைச் சுட்டது எனக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது. இதை மறைப்பானேன்?

“இது எப்படிப்பட்ட விளையாட்டு?” என்று பீடச் சிறுவனைக் கேட்டேன். அவன் அதற்கு வக்காலத்து வாங்குவான் என்று எதிர்பார்த்தேன்.

“மட்டமான கேம், ஃபாதர்” என்றான் தயங்காமல்.

அடுத்த பத்து நிமிடம் அவர்கள் மூவரும் கூறியவற்றை, ஓர் அனுபவமுள்ள தணிக்கையாளனின் அறிக்கையைக் கேட்பதுபோல் கேட்டேன். வருகிற பிணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். சட்டையின் நிறம் மட்டுமே வேறு. சில பிணங்கள் சுவருக்குள் பாதி உடல் சிக்கி, கால்களை உதைத்துக்கொண்டே நிற்கும். குண்டு மார்பைத் துளைத்துச் செல்லும். ஆனால் சாவது பக்கத்தில் நிற்பவன். எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் ஒரே ஓசை. இணையக் கடையில் விளம்பரத்துக்காக வைத்துள்ள படம் அழகு. உள்ளே இருப்பது வேறு. ஒவ்வொரு முறை மாளும்போதும் ஒரு விளம்பரம் வரும், அதை மூடும் குறி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. விளம்பரமே வராமலிருக்க 89 ரூபாய் கட்டு என்றார்களாம். தகப்பனாரிடம் கெஞ்சிக் கட்டினானாம். பின்னும் விளம்பரம் வந்ததாம்.

“எனக்குப் பிடிக்கும் ஃபாதர்” என்றான் அதுவரை பேசாதிருந்த மூன்றாமவன். “சுவத்துல மாட்டிக்கிட்டுக் காலை ஆட்டும் பாருங்க, அதுக்காகவே ஆடுவோம்.”

இதுவும் ஒரு கருத்துதான். கெட்டுப்போன நாடகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த நாள் நமக்கும் இல்லாமலில்லை.

“இவ்வளவு மட்டமென்றால் ஏன் ஆடுகிறாய்?” என்றேன் பீடச் சிறுவனிடம். “நல்ல கேம் எதுவும் இந்த ஃபோன்ல ஓடாது ஃபாதர். இடம் பத்தாது” என்றான். அந்த விடை என்னைச் சற்று நேரம் வாயடைக்கச் செய்தது. மட்டமான சரக்கு ஏழையின் வீட்டை எப்படியோ கண்டுபிடித்து வந்துவிடுகிறது.

பெற்றோர் கேட்பது ஒன்றே: பிணத்தைச் சுடுபவன் நாளை மனிதனைச் சுடுவானா? அமெரிக்க உளவியல் சங்கம் 2020ஆம் ஆண்டில் இதைப் பற்றித் தன் நிலையைத் திருத்தி வெளியிட்டது. வன்முறை விளையாட்டுக்கும் கூச்சல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனங்களுக்கும் சிறிதளவு தொடர்பு காணப்படுகிறது என்றும், அதனால் கொலை போன்ற கொடுஞ்செயல் விளைகிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்றும் அது கூறியது. எனவே வீட்டம்மாளின் அச்சத்தை முழுதும் ஏற்கவும் இயலவில்லை, தள்ளவும் இயலவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். நடைப்பிணம் என்பது கூச்சமின்றிச் சுடுவதற்கென்றே செய்த உரு. 1997ஆம் ஆண்டில் பிரிட்டனில், வழிப்போக்கரைக் காரால் மோதிக் கொல்லும் ‘கார்மகெடன்’ என்னும் ஆட்டத்துக்குத் தணிக்கையினர் அனுமதி மறுத்தனர். உடனே வழிப்போக்கரை நடைப்பிணங்களாக்கி, இரத்தத்தைப் பச்சை நிறமாக்கி விற்றார்கள். மேல்முறையீட்டில் பழைய வடிவமும் பின்னர் அனுமதி பெற்றது; அது வேறு கதை. பெயரை எடுத்துவிட்டு முகத்தைச் சிதைத்துவிட்டால் கொல்வது எளிதாகிறது என்பதை வணிகர் அறிந்திருக்கிறார்கள். மலிவாகச் செய்பவனுக்கு இன்னொரு வசதியும் உண்டு: பிணம் பேச வேண்டியதில்லை, சிந்திக்க வேண்டியதில்லை, ஒழுங்காக நடக்கவும் வேண்டியதில்லை.

இதற்குள் வீட்டுத் தலைவர் வந்து தறிக்குழியின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். மகன் குறைகளை அடுக்கியதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், “எங்க ஆளுங்க புடவை பார்க்கிற மாதிரியே பார்க்கிறான் சாமி” என்றார். அவர் முகத்தில் சினமில்லை. சிறிது பெருமையே இருந்தது.

உண்மைதான். காஞ்சிப் பட்டைக் கையில் எடுத்தவுடன் நெசவாளர் முதலில் திருப்பிப் பார்ப்பது கரையும் உடலும் சேருமிடத்தை. மூன்று நாடா ஓட்டிக் கோர்வை போட்டதா, ஒரே நாடாவில் ஒப்பேற்றியதா என்பது அங்கே தெரிந்துவிடும். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். நூலின் ஒரு முனையைக் கொளுத்தினால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வர வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005ஆம் ஆண்டில். பட்டுப் புடவை உள்ளிட்ட பல வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் 1985ஆம் ஆண்டினது. இத்தனை இருந்தும் விசைத்தறிச் சரக்கு கைத்தறியென்று விலைபோகிறது.

“பருத்தியைப் பருத்தின்னு வித்தா யார் கோவிச்சுக்கப் போறாங்க சாமி? பட்டுன்னு சொல்லி விக்கிறதுதான் வயித்தெரிச்சல்” என்றார் அவர். மகனுடைய 89 ரூபாயும் அவர் நினைவில் இருந்திருக்கலாம்.

விடைபெறும் வேளையில் சிறுவன், தான் அந்த விளையாட்டைப் பற்றி இணையக் கடையில் எழுதியிருந்த கருத்தைக் காட்டினான். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அதன் கீழே நான்கு வரிகள். முதல் மூன்று வரிகளில் சுவரும், விளம்பரமும், பணமும் இருந்தன. நான்காம் வரியில், விளையாட்டைச் செய்தவனுடைய தாயைப் பற்றி, இந்த இதழில் அச்சிட முடியாத ஒரு சொல் இருந்தது. பீடத்தில் மணியடிக்கும் பிள்ளை எழுதியது அது. நான் வாயைத் திறக்குமுன் தந்தை கைப்பேசியை வாங்கிப் படித்தார்.

அவர் அடிக்கவில்லை. மெல்லச் சொன்னார்: “போன வருஷம் ஒரு முதலாளி நான் நெய்த புடவையில இழை விட்டிருக்குன்னு தூக்கிப் போட்டாரு. விட்டிருந்தது, சரி. கூலியில பிடிச்சாரு, அதுவும் சரி. உங்க பாட்டியை ஏன்டா இழுத்தாரு?”

எவரும் பேசவில்லை. நானும் ஆசி கூறிவிட்டுப் புறப்பட்டேன்.

அன்றிரவு இந்த விளையாட்டுகளைப் பற்றிச் சிறிது தேடிப் படித்தேன். மலிவாகவும் முரடாகவும் செய்யப்பட்ட நடைப்பிண விளையாட்டு எல்லாமே இகழப்பட்டதில்லை. 2009ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சில்வா என்னும் அமெரிக்கர் அத்தகைய ஒன்றைச் செய்து ஒரு டாலருக்கு விற்றார். ‘நான் நடைப்பிணம் உள்ள ஒரு விளையாட்டைச் செய்தேன்’ என்ற பொருள் தரும் வாசகத்தையே, வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளோடு, அதற்குப் பெயராக வைத்தார். ஆடியோர் அதை மகிழ்ந்து கொண்டாடினர். பருத்தியைப் பருத்தியென்றே விற்றவர் அவர்.

மற்றொரு கதை வேறு வகை. அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த ‘டிஜிட்டல் ஹோமிசைட்’ என்னும் சிறு நிறுவனம், 2014ஆம் ஆண்டில் ‘த ஸ்லாட்டரிங் கிரவுண்ட்ஸ்’ என்ற நடைப்பிண விளையாட்டை ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையில் விற்பனைக்கு வைத்தது. ஜிம் ஸ்டெர்லிங் என்ற பெயரில் எழுதிவந்த விமர்சகர், அவ்வாண்டின் மிக மோசமான விளையாட்டுகளின் வரிசையில் அதை வைத்துக் கடுமையாகப் பேசினார். நிறுவனத்தார் குறையைத் திருத்துவதற்குப் பதிலாக விமர்சகரை விமர்சித்துப் படம் வெளியிட்டனர். 2016 மார்ச் மாதத்தில் அவர்மேல் ஒரு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கோரி அவதூறு வழக்கே தொடுத்தனர். அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்டீமில் தங்களைப் பற்றி எழுதிய நூறு பேர்மேல் 1 கோடியே 80 இலட்சம் டாலர் கேட்டு இன்னொரு வழக்கு! ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், வாங்குவோரைப் பகைப்பவரோடு வணிகமில்லை என்று அவர்களுடைய விளையாட்டுகள் அனைத்தையும் கடையிலிருந்து அகற்றிவிட்டது. நூறு பேர்மீதான வழக்கை அவர்களே கைவிட்டனர். விமர்சகர் மீதான வழக்கும் 2017 பிப்ரவரியில், மீண்டும் தொடுக்க இயலாதவாறு தள்ளுபடியாயிற்று.

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்தபோது எட்டாம் கட்டளையின் கீழ் இரண்டு பாவங்களைப் பிரித்துக் கற்பித்தார்கள். இல்லாத குற்றத்தைச் சுமத்துவது அவதூறு. இருக்கும் குற்றத்தைத் தக்க காரணமின்றிப் பரப்புவது புறணி. இரண்டும் பிறர் பெயரைக் கெடுப்பதே. ஆனால் தக்க காரணமிருந்தால்? பொருளை விற்பவன் அதன் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்ற கேள்வியை, 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலில் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். வாங்குபவனுக்குத் தெரியாமல் கேடு விளைக்கும் மறைந்த குறையைச் சொல்லியே தீர வேண்டும் என்பது அவர் முடிவு. விற்பவன் வாய் மூடியிருந்தால் வாங்கி ஏமாந்தவன் அடுத்தவனுக்குச் சொல்வதைப் புறணி என்று நான் கருதவில்லை. அச்சிறுவனின் முதல் மூன்று வரிகள் இன்னொரு நெசவாளர் மகனின் 89 ரூபாயைக் காப்பாற்றக்கூடும்.

அந்த நூறு பேரின்மேல் நிறுவனத்தார் தொடுத்த மனுவில் துன்புறுத்தல் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. அந்த நூறு பேரில் எத்தனை பேர் நான்காம் வரியை எழுதினார்களோ! முதல் மூன்று வரிகளுக்கு விடை சொல்ல முடியாதவனுக்கு, வழக்கறிஞரிடம் ஓட நாமே வழிகாட்டிக் கொடுப்பது அந்த நான்காம் வரிதான். இதை அச்சிறுவனிடம் சொல்ல எண்ணியிருந்தேன். தந்தை முந்திக்கொண்டார், என்னைவிட நன்றாகவும் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் இதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டம்மாளுக்கு என்மேல் வருத்தம். பூசை முடிந்து சக்ரீஸ்தில் அங்கியைக் கழற்றும்போது, பீடச் சிறுவன் கைப்பேசியோடு வந்து நின்றான். நான்காம் வரியைக் காணோம். அவ்விடத்தில், ‘கூடிய சீக்கிரம் சரிசெய்யவும்’ என்று எழுதியிருந்தான். நட்சத்திரம் மட்டும் ஒன்றே ஒன்று.

“இன்னொன்று கூட்டிக் கொடுத்தாலென்ன?” என்றேன்.

“சுவரு இன்னும் அப்படியே இருக்கு ஃபாதர்” என்றான்.