கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கடலைக் காட்டுங்களேன்!

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கல்யாணம் வேளச்சேரியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உறவினர்கள் ஒரு பஸ் நிறைய, முதல் நாள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். நிச்சயதார்த்தம் சாயங்காலம்தான். டிபன் முடிந்ததும் ஆண்களும் இளவட்டங்களும் வேன் பிடித்து மாமல்லபுரம் கிளம்பிவிட்டார்கள். பெண்கள்? குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுவது, சீர்த்தட்டு அடுக்குவது, நகைப் பைகளுக்குக் காவல் இருப்பது என்று மண்டபத்திலேயே அடைந்து கிடந்தார்கள்.

மறுநாள் முகூர்த்தச் சாப்பாடு முடிந்து பஸ் புறப்படும் நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எழுபது வயதுப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, இங்கன கடல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். கிழக்கே கையைக் காட்டினேன். "சரித்தா, அடுத்த வாட்டி பாத்துக்கிடலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆறேழு கிலோ மீட்டரில் கடலை வைத்துக்கொண்டு, அவரைக் காட்டாமலே அனுப்பிவிட்டேனே!

இப்போதெல்லாம் சமையல், பந்தி, அலங்காரம் எல்லாம் கான்ட்ராக்ட்தான். அப்படியிருந்தும், பெண்கள் மண்டபத்தை விட்டு நகரக்கூடாது என்பது பழக்கமாகவே ஆகிவிட்டது. வாசல் அலங்காரத்துக்கும் ஐஸ்கிரீம் ஸ்டாலுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறோம். வந்த பெண்களுக்கு அரை நாள் ஒதுக்க மட்டும் மனசு வருவதில்லை.

என் மகள் கல்யாணத்தில் இதை மாற்றினேன். தங்கும் அறைகளில் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். காலையில் நடந்தே போக தண்டீஸ்வரர் கோயில். 2007-ல் வேளச்சேரி வரை வந்த பறக்கும் ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் திருவான்மியூர். அங்கே மருந்தீஸ்வரரைத் தரிசித்து, அப்படியே கடற்கரை. அதே ரயிலில் திருமயிலையில் இறங்கினால் கபாலீஸ்வரர் கோயில், மாடவீதியில் பூஜைச் சாமான் கடைகள். பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலோ மாலையிலோதான் போக வேண்டும். குழந்தைகளுக்குக் கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. மெரினா கலங்கரை விளக்கத்தில் லிப்டில் ஏறிப் பார்க்கலாம், திங்கட்கிழமை விடுமுறை. சாயங்காலம் பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயில்.

ஒரு எச்சரிக்கையும் எழுதினேன்: கடலில் கால் நனைத்தால் போதும், குளிக்கவே வேண்டாம். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறதே, அது 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டவருக்காகக் கட்டியது. நம் கடல் அழகானது, இழுக்கவும் செய்யும்.

நகைப் பைகளை என்ன செய்வது என்றார்கள். "அரை நாள் ஆண்கள் காவல் இருக்கட்டுமே" என்றேன். முணுமுணுத்தார்கள், ஆனாலும் இருந்தார்கள். வழி தெரிந்த என் தம்பி பெண்ணைத் துணைக்கு அனுப்பினேன். விடிகாலையில் கிளம்பிய பதினோரு பெண்களும் புடவையை நனைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தபடி டிபனுக்குத் திரும்பிவிட்டார்கள். எந்தச் சடங்கும் நிற்கவில்லை.

பெரியம்மா மட்டும் வரவில்லை. முழங்கால் வலி, இனி நெடும்பயணம் முடியாதாம். அவர் மருமகள் ஒரு பாட்டிலில் கடல் தண்ணீரும், முந்தானையில் முடிந்து நாலு கிளிஞ்சலும் கொண்டுபோனாள். "உப்புக் கரிக்குதுத்தா" என்று பெரியம்மா போனில் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கிராமத்துப் பெண்களுக்கு உறவுக்காரர் கல்யாணம்தான் பல சமயம் ஊர் பார்க்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம். "அடுத்த வாட்டி" எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அடுத்த முறை பத்திரிகை அடிக்கும்போதே, இதற்கும் ஒரு தாள் எழுதி வைப்போமா, தோழியரே?

- ஒரு வாசகி, வேளச்சேரி.