ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா?



மும்பையில் நாலு தமிழர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. தாராவி தொண்ணூறடிச் சாலைத் தேநீர்க் கடையிலும், மாட்டுங்கா நடைமேடையிலும், சீத்தா கேம்ப் குழாயடியிலும், கலியாண வீட்டுப் பந்தியிலும் இதே வழக்குதான். "இந்தப் பட்டணம் நமக்கு என்ன கொடுத்தது? ஊரோடு போய்ச் சேரலாமா?" என்று ஒருவர் கேட்பார். "ஊரில் போய் என்ன செய்வீர்?" என்று இன்னொருவர் மடக்குவார். சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்திலும் மற்ற தீர்மானங்களை ஓரமாய்த் தள்ளிவிட்டு, இரண்டு மணி நேரம் இதுவே விவாதமாயிற்று. இரு பக்கமும் சொன்னவற்றை எடைபோட்டு நம் கருத்தைச் சொல்வது இந்தத் தலையங்கத்தின் நோக்கம்.

ஊர்ப்பக்கம் பேசியவர்கள் சொன்னது

ஊருக்குப் போகலாம் என்றவர்களில் பெரும்பாலோர் வயது சென்றவர்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி கோலியில் ஆறு பேர் படுக்கிறோம். ஒருவர் புரண்டால் எல்லோரும் விழிக்க வேண்டும். விடியுமுன் பொதுக் கக்கூஸ் வாசலில் வரிசை. மழைக்காலம் வந்தால் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அன்று மித்தி ஆற்றங்கரையில் இருந்தவர்கள் பட்ட பாட்டை யார் மறக்க முடியும்?

வேலைக்குப் போகும் வழியிலேயே உயிர் போகிறது. ரயில்வேயில் இருக்கும் நம் தோழர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் 2022-லும் 2023-லும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தண்டவாளம் கடந்தவர்கள் உண்டு, கதவில் தொங்கி விழுந்தவர்களும் உண்டு. 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைபாலத்து நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். காலையில் டப்பா கட்டிக் கொடுக்கும் தாய்மார்களின் நெஞ்சில், மாலையில் ஆள் திரும்பும்வரை இருக்கும் பயத்துக்கு எந்தச் சம்பளம் ஈடாகும்?

இதற்கெல்லாம் மேலே ஒன்றையும் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் வாசிக்க முடியவில்லை. மாநகராட்சி இன்றும் தமிழ் வழிப் பள்ளிகளை நடத்துகிறது. ஆனால் அவற்றில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு நாமே தயங்குகிறோம்.

பட்டணத்துப் பக்கம் பேசியவர்கள் சொன்னது

இந்தப் பக்கம் எழுந்து பேசியவர்களில் பெண்கள் அதிகம். இதை நாம் கவனிக்க வேண்டும். ஊரை நினைத்து ஏங்குவது பெரும்பாலும் ஆண்களே. ஊரில் விடியற்காலை முதல் விளக்கு வைக்கும்வரை பீடித் தட்டை மடியில் வைத்துக் குனிந்திருந்த பெண்களுக்கு அந்த ஏக்கம் குறைவு. "இங்கே என் சம்பளம் என் கையில் வருகிறது. நான் எங்கே போகிறேன், யாரோடு பேசுகிறேன் என்று கணக்கெடுக்கத் தெருவில் ஆள் இல்லை" என்றார் ஒரு தாய். வீட்டு வேலைக்கும் தையலுக்கும் ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கும் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்களின் சொல் அது.

அடுத்து, சாதி. நெல்லைச் சீமையிலிருந்து தாராவித் தோல் ஷாப்புகளுக்கு வந்த நம் முன்னோரில் பலர் வயிற்றுக்காக மட்டும் வரவில்லை, முதுகை நிமிர்த்தவும் வந்தார்கள். அங்கே தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், இங்கே மின்சார ரயிலில் எவனோடும் தோள் இடித்து நின்றான். டீக்கடையில் தனிக் குவளை இல்லை. நம் ஆட்கள் இங்கேயும் சாதிக்கு ஒரு சங்கம், சாதிக்கு ஒரு கோயில் என்று கட்டிக்கொண்டார்கள் என்பது உண்மைதான். என்றாலும் இந்த நகரம் கொடுத்த அந்த முதல் மூச்சைச் சிறிது என்று எவரும் சொல்லக் கூடாது.

பிறகு ஆஸ்பத்திரி. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் சயானுக்கு நடந்தே போகலாம். புற்றுநோய்க்குப் பரேலில் டாடா ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊரில் இருக்கும் உறவினரே சிகிச்சைக்காக நம் கோலிக்கு வந்து தங்குகிறார்கள்.

கடைசியாக ஒரு வாலிபர் எழுந்து கேட்டார்: "ஊருக்குப் போகலாம் என்கிறீர்களே பெரியப்பா, எந்த ஊருக்கு? நான் பிறந்தது சயான் ஆஸ்பத்திரி, படித்தது தாராவி, வேலை அந்தேரி. எனக்கு இதுதானே ஊர்?" கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை.

இருப்பதை யார் கொடுத்தார்கள்?

தோழர்களே! இரு பக்கமும் சொன்னது நியாயம்தான். ஆனால் "பட்டணம் கொடுத்தது", "பட்டணம் எடுத்தது" என்று நகரத்தை ஒரு பண்ணையார் போல வைத்துப் பேசுவதில்தான் நமக்கு உடன்பாடு இல்லை. இந்த நகரம் நமக்கு எதையும் சும்மா கொடுக்கவில்லை. இன்று இருக்கும் ஒவ்வொன்றும் கேட்டு, கூடி நின்று, அடிபட்டு வாங்கியவை.

1966-இல் சிவசேனை தோன்றிய காலத்தில் "மதராஸி"களை விரட்டு என்றார்கள். நம் கடைகள் தாக்கப்பட்டன. நம்மவர்கள் போகவில்லை. 1976 மே மாதம், டிராம்பே அணுசக்தி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை இடித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சேற்று நிலத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அந்தச் சேறுதான் இன்றைய சீத்தா கேம்ப். அந்தக் காலனியிலிருந்து எழுந்தவர்தான் கோலார் தங்கவயலில் பிறந்து தச்சு வேலைக்கு வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். நகராட்சி குப்பை அள்ள வரவில்லை என்று, பிள்ளைகளைத் திரட்டிக் குப்பையைச் சுமந்துபோய் நகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டச் செய்தவர் அவர். குடிசைவாசிகளை நாடளவில் சங்கமாக்கினார். 2000-ஆம் ஆண்டு அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. நம்மைப் போல ஒரு குடிசையில் இருந்தவர்.

1981-இல் நடைபாதைவாசிகளைப் பேருந்தில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதே தீர்ப்பு, முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம் என்றும் சொல்லிற்று. 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றும் சொல்லிற்று. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. கண்ணீருக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருந்தது. அட்டைக்கு அதைவிட அதிக மதிப்பு இருந்தது.

இரண்டு தோணியில் கால்

இப்போது நாம் சொல்ல வந்ததைச் சொல்லுகிறோம். "என்றைக்கிருந்தாலும் ஊருக்குத்தானே போகப் போகிறோம்" என்ற எண்ணம் நம் குடும்பங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அந்த எண்ணமே நம்மை ஏமாற்றியும் வந்திருக்கிறது. போகப் போகிறவனுக்குப் பட்டா எதற்கு? போகப் போகிறவனுக்கு வாக்காளர் பட்டியல் எதற்கு? இப்படிச் சொல்லிக்கொண்டே நாற்பது வருடம் இருந்துவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஊரில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி மட்டும் தவறாமல் போகிறது. ஆனால் ஊர்க் கூட்டத்தில் நமக்குக் குரல் இல்லை. இங்கேயும் இல்லை. சட்டப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கலாம். அந்த ஒன்றிலும் இல்லாதவர்களே அதிகம்.

இதன் விலையை இப்போது தாராவியில் பார்க்கிறோம். சீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச் மாதம் வீடுவீடாகச் சர்வே தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி. அதற்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவருக்கும், எப்போது வந்திருந்தாலும் மேல்மாடியில் இருப்பவருக்கும், வெளியே வாடகையும் தவணையும் கட்டிப் பெறும் வீடு. அப்படி வெளியே அனுப்பப்படுவோருக்காகத் தேவனார் குப்பைமேட்டு நிலத்தையும் அரசு ஒதுக்கியது. அப்பன் கீழே, மகன் போட்மாலாவில் என்று இருக்கும் குடும்பங்களில் இதன் பொருள் என்ன? ஒரே அடுப்பில் சோறு தின்றவர்கள் இரண்டு திசைக்குப் போவது. முப்பது வருடம் இருந்தவர் ஒரு மின்சார ரசீதோ பழைய வாக்காளர் பட்டியலோ காட்ட முடியாமல், நேற்று வந்தவராக எழுதப்படுவது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி, பழங்குடியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்த இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே, ஆந்திரத்திலிருந்து மும்பைக்கு வந்த குடும்பத்தின் மாணவர் ஒருவர் இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு எழுந்த வழக்குதான். இங்கே பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950 ஆகஸ்ட் 10 அன்றே குடும்பம் இம்மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். சாதி மட்டும் ரயிலேறிக் கூடவே வருகிறது. சலுகை ஊரிலேயே தங்கிவிடுகிறது. இந்த அநியாயத்தை மாற்றச் சட்டத்தில் வழி காண வேண்டும். அதுவரை, பாட்டன் காலத்துப் பள்ளிச் சான்றிதழோ கூலி ரசீதோ தகரப் பெட்டிக்குள் கிடந்தால், அது பொன்னைவிடப் பெரிது என்று அறியுங்கள்.

ஊர் என்பதும் மாறிவிட்டது

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, வேலையும் கூலியும் இல்லாமல் நம்மவர் பலர் கிடைத்த வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மே மாதம் முதல் சிறப்பு ரயில்களும் விட்டார்கள். ஊர் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஊரால் வேலை கொடுக்க முடியவில்லை. நமக்குத் தெரிந்த குடும்பங்களில் பல, சில மாதங்களிலேயே தாதருக்குத் திரும்பி வந்தன.

ஊரிலும் இப்போது நம்மைப் போன்றவர்கள் வந்திருக்கிறார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் பீகாரிகளும் ஒடியாக்காரர்களும் தகரக் கொட்டகையில் படுத்துக் கட்டடம் எழுப்புகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழகத்தில் அவர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்ப்படங்களைப் பரப்பியபோது அவர்கள் பட்ட பயம் நமக்குப் புதிதல்ல. அது 1966-இல் நம் பெற்றோர் பட்ட பயம். ஊரில் உள்ள சொந்தங்களுக்குக் கடிதத்திலும் போனிலும் சொல்லுங்கள்: வடக்கிலிருந்து வந்தவன் நம் வேலையைப் பிடுங்க வந்தவன் அல்ல, அவன் அங்கே இருக்கும் நாம்.

செய்ய வேண்டியவை

போவதா, இருப்பதா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. சங்கம் அதில் தலையிடாது. வயதான காலத்தில் ஊர்க்காற்று வேண்டும் என்பவர் போகட்டும், மகிழ்ச்சி. ஆனால் போகிறவரும் உரிமையை விட்டெறிந்துவிட்டுப் போகக் கூடாது. இருக்கிறவரும் விருந்தாளி போல இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இந்த மாதமே செய்ய வேண்டியவை:

ஒன்று: போட்டோ பாஸ், மின்சார ரசீது, பழைய வாக்காளர் பட்டியல் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். நகல் எடுத்து வேறிடத்தில் ஒன்று வையுங்கள். அசலை எந்தத் தரகர் கையிலும் கொடுக்காதீர்கள்.

இரண்டு: மேல்மாடியில், போட்மாலாவில் இருக்கும் குடும்பங்கள் சங்கத்தில் பெயர் கொடுங்கள். தனித்தனியாகப் போய் நின்றால் நம்மை விரட்டுவார்கள். பட்டியலோடு நூறு குடும்பம் போனால் நாற்காலி போடுவார்கள்.

மூன்று: வாக்காளர் பட்டியலில் எங்கே பெயர் இருக்க வேண்டும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இரண்டிலும் இல்லாமல் இருக்காதீர்கள்.

நான்கு: தமிழ்நாட்டு ரேஷன் அட்டை முன்னுரிமை அட்டையாகவோ அந்தியோதயா அட்டையாகவோ இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே தானியம் வாங்கலாம். முன்னுரிமை இல்லாத அட்டைக்கு அந்த வசதி கிடையாது. எந்த அட்டை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: பிள்ளை எந்த மொழியில் படித்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுங்கள். மராத்தியும் கற்கட்டும். இந்த மண்ணின் மொழி தெரியாதவன் இந்த மண்ணில் உரிமை பேச முடியாது.

ஆறு: சங்கக் கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் வருவதை நிறுத்துங்கள். சர்வேக்காரன் பகலில் வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பது பெண்கள்தான். முதலில் விவரம் தெரிய வேண்டியவர்களும் அவர்கள்தான்.

2011 கணக்கெடுப்பின்படி பெருநகர மும்பையின் ஒரு கோடியே இருபத்து நான்கு லட்சம் மக்களில் ஏறக்குறைய 52 லட்சம் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள். மராத்தியர், குஜராத்திக் குயவர், உத்தரப் பிரதேச முஸ்லிம், தெலுங்கர், நாம் எல்லோரும் அதில் இருக்கிறோம். நம் வழக்கு அவர்கள் வழக்கும்தான். பக்கத்துக் கோலிக்காரனைச் சேர்த்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அந்தக் காகித உறையையும் கையோடு கொண்டு வாருங்கள்.