பரிந்துரைக்கும் கை யாருடையது? மென்பொருளாளர் கூட்டங்களும் தாயில்பட்டியின் முதல் தலைமுறைப் பொறியாளர்களும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993 முதல் 'எம்விபி' எனும் விருதை வழங்கி வருகிறது. கூகுள் நிறுவனத்திற்கு 'டெவலப்பர் எக்ஸ்பர்ட்' எனும் திட்டம் உண்டு. தாம் கற்றதை ஊதியமின்றிப் பிறருக்குக் கற்பிப்போர், உள்ளூர்க் கூட்டங்களில் உரையாற்றுவோர், கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதுவோர் ஆகியோரை அடையாளம் காண்பதே இவற்றின் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கிறது. அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவரோ, அந்த அங்கீகாரத்தை ஏற்கெனவே பெற்றவரோ பரிந்துரைத்தால்தான் உள்ளே நுழைய முடியும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான ஏற்பாடுதான். திறமையைத் திறமையாளர் அறிவர் என்பது அதன் தர்க்கம். ஆனால், இந்தியச் சமூகத்தில் ஒருவர் மற்றொருவரை 'அறிவது' எங்கே, எப்படி நிகழ்கிறது என்ற கேள்வியை இத்தர்க்கம் கேட்பதே இல்லை.

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டாரத்திலுள்ள தாயில்பட்டியிலிருந்து இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். இங்கே பட்டாசுத் தொழிற்சாலையை 'ஃபயர் ஆபீஸ்' என்பார்கள். மருந்து கலப்பது, குழாயில் மருந்து அடைப்பது, திரி செருகுவது என்று உயிரைப் பணயம் வைக்கும் வேலைகளில் தலித் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கூலி பெறுகின்றன. 2021 பிப்ரவரி 12 அன்று இதே வட்டாரத்தில் அச்சன்குளம் ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய வீடுகளிலிருந்துதான் இன்று பிள்ளைகள் கணினிப் பொறியியல் பயிலச் செல்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை, பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை, 2021இல் பொறியியல் படிப்புக்கும் விரிவாக்கப்பட்ட அரசுப்பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆகியவை அவர்களைக் கல்லூரி வாயில்வரை கொண்டு சேர்த்திருக்கின்றன. இவை யாரும் கருணையால் தந்தவை அல்ல; போராடிப் பெற்றவை.

வாயிலுக்கு அப்பால்தான் சட்டம் நின்றுவிடுகிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. மென்பொருள் நிறுவனங்களில் கணிசமான பணியிடங்கள் ஊழியர்களின் பரிந்துரை வழியே நிரப்பப்படுகின்றன. அந்தப் பரிந்துரையைத் தேடித்தரும் இடம்தான் மாதந்தோறும் சனி, ஞாயிறுகளில் நடக்கும் மென்பொருளாளர் கூட்டம். கட்டணம் இல்லை, யாரும் வரலாம் என்று அறிவிப்பில் இருக்கும். தாயில்பட்டிக்கு அருகில் அத்தகைய கூட்டம் நடக்கக்கூடிய பெருநகரம் மதுரை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர். விடுமுறை நாளில் கூலிக்குச் சென்று தன் கைச்செலவை ஈட்டும் மாணவருக்கு, ஒரு நாள் கூலி இழப்பும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்ததே அந்த 'இலவச'க் கூட்டத்தின் உண்மையான நுழைவுக் கட்டணம்.

சென்று சேர்ந்தாலும் உரை ஆங்கிலத்தில் இருக்கும். தேநீர் இடைவேளையில்தான் மெய்யான தேர்வு தொடங்குகிறது. பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்க்காத மாநிலம் நம்முடையது. அதில் பெருமையும் உண்டு. ஆகவே இங்கே கேள்வி வேறு வடிவில் வரும். எந்த ஊர்? அந்த ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்? மூன்றாவது கேள்விக்குள் கேட்பவருக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. கேட்டவர் தீய எண்ணத்துடன் கேட்டார் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை உரையாற்ற ஆள் தேடும்போது அவர் நினைவில் எழும் பெயர்கள் எவை என்பதே இங்கு பொருட்படுத்தத்தக்கது.

இது கற்பனையான அச்சம் அல்ல என்பதற்கு அமெரிக்காவே சான்று. 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா அரசின் துறையொன்று சிஸ்கோ நிறுவனத்தின்மீது சாதிப் பாகுபாட்டு வழக்கைத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐஐடியில் இடஒதுக்கீட்டின் வழி சேர்ந்தவர் என்பதை உயர் அலுவலர் சக பணியாளர்களிடம் வெளிப்படுத்தினார் என்பது அவ்வழக்கின் மையக் குற்றச்சாட்டு. உயர் அலுவலர்கள் இருவர் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. 2022இல் தமிழ் வேர்கொண்ட தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் ஊழியர்களிடையே சாதி குறித்து ஆற்றவிருந்த உரை, ஊழியர் சிலரின் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. அதே கூகுள்தான் உலகெங்கும் சமூகப் பேச்சாளர்களைத் தேடி அங்கீகரிக்கிறது.

அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூல், சென்னை ஐஐடியை மையமாகக் கொண்டு, பரம்பரைச் சாதி உரிமை எவ்வாறு தனிமனிதத் 'தகுதி'யாக உருமாற்றம் பெறுகிறது என்பதை ஆராய்கிறது. அவ்வுருமாற்றத்தின் அடுத்த கட்டமே சமூக அங்கீகார விருதுகள் என்பது என் கருத்து. மதிப்பெண்ணுக்காவது ஒரு விடைத்தாள் இருந்தது. பரிந்துரைக்கு அதுவும் இல்லை.

அதற்காக இக்கூட்டங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புறக்கணிப்பால் இழப்பு நமக்கு மட்டுமே. மாற்று வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பெங்களூரில் பன்னேர்கட்டா சாலையை ஒட்டிய குடிசைப் பகுதியொன்றில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் பழைய கணினிகளைப் பழுதுபார்த்து, அம்பேத்கர் பெயரிலேயே ஒரு சமூகக் கணினி மையத்தை அமைத்தனர். பயன்படுத்துவோர் கூட்டத்தைத் தேடிச் செல்லாமல், கூட்டமே குடியிருப்புக்குள் வந்தது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு பெருநகரத்திற்கு வெளியே, கிராமப்புற மாணவர்களைக்கொண்டே இயங்கி வருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியே தமிழில் கூடுகிறது. தாயில்பட்டியிலிருந்து கைப்பேசியில் அதில் சேரலாம். கணியம் அறக்கட்டளை தமிழில் இலவசத் தொழில்நுட்ப மின்னூல்களை வெளியிடுகிறது. மொழியும் தொலைவும் எழுப்பிய சுவர்களை இக்குழுக்கள் பெரிதும் தகர்த்திருக்கின்றன. சாதி குறித்து இவ்வுலகம் வெளிப்படையாகப் பேசுவது அரிது என்ற குறையும் எனக்கு உண்டு. நிரலுக்கு விடுதலை கோருவோர் அதை எழுதும் கைகளைப் பற்றி மௌனம் காப்பது பொருத்தமாகத் தெரியவில்லை.

பரிந்துரையே தேவைப்படாத வாயில்களும் உள. 'அவுட்ரீச்சி' எனும் பயிற்சித் திட்டம், தம் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் பாகுபாட்டுக்கு உள்ளாவோரை வெளிப்படையாகவே விண்ணப்பிக்க அழைக்கிறது. மூன்று மாத வேலைக்கு உதவித்தொகையும் தருகிறது. தேர்வு, விண்ணப்பக் கட்டுரையையும் செய்து காட்டிய பங்களிப்பையும் பொறுத்தது. 2022 முதல் கூகுளின் 'சம்மர் ஆஃப் கோட்' மாணவரல்லாத புதியவர்களுக்கும் திறக்கப்பட்டுள்ளது. நம் கல்லூரி மாணவர் அமைப்புகள் அரசுப் பணித் தேர்வுகளுக்குக் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை இவற்றுக்குக் காட்டினால்கூட நிலைமை மாறும்.

கூட்டங்களை நடத்துவோரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. உலகெங்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள் திட்டங்கள் ஏற்றுக்கொண்டுள்ள நடத்தை விதித்தொகுப்பு 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்'. 2014இல் எழுதப்பட்ட அது, இனம், மதம், பாலினம் முதலிய அடையாளங்களின் பெயரால் எவரையும் இழிவுபடுத்தலாகாது என்கிறது. அந்தப் பட்டியலில் 'சாதி' என்ற சொல் 2.1ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றது. 2.0இல் அது இல்லை. பல குழுக்கள் இன்னமும் பழைய பதிப்பையே தம் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கின்றன, பெரும்பாலும் கவனக்குறைவால்தான். மதுரையிலோ கோவையிலோ அடுத்த கூட்டத்திற்குப் பதிவு செய்யும் மாணவர், எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கேட்கலாம். 2.0 என்று பதில் வந்தால், மாற்ற வேண்டியது ஒரே ஒரு கோப்பு. மாற்ற மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளலாம்.